பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும்

1

இக்கதையின் தோற்றுவாயை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இது வாழ்வின் ஆழங்களிலிருந்து எழுந்துவரவில்லை. மாத்தளை நகரின் திருகோணமலை வீதியில், ஒரு மின்சாதனக் கடையின் சோபாவிலிருந்து எழுந்துவந்தது.

நான் அங்கே போனது மின்விசிறி ஒன்றுக்காக. ‘பார்வையாளரும் திரையும்: சில கோட்பாட்டு முன்வரைவுகள்’ என்ற கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த அறையில் புழுக்கம் தாங்கவில்லை, கட்டுரைக்கும் அதில் ஓரளவு பொறுப்பு உண்டு. கடையின் பின்புறச் சுவரை நிறைத்திருந்த தொலைக்காட்சிகள் யாவும் ஒரே நீர்வீழ்ச்சியைக் கொட்டிக்கொண்டிருந்தன. எதிரே நீண்ட சோபா. அதன் இடது ஓரத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து ஒரு திரையைப் பார்த்தாள். எழுந்தாள். வலது ஓரத்தில் போய் உட்கார்ந்து அதே திரையைப் பார்த்தாள். மறுபடியும் இடது. நடுவில் ஒருமுறைகூட உட்காரவில்லை.

நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் புனைவு. (கண்டதும் புனைவே என்று சொல்லும் கோட்பாடு ஒன்று உண்டு. அதை மதிக்கிறேன். ஆனால் மின்விசிறி என் அறையில் சுழல்கிறது.)

2

முதல் தொடக்கம்: “நுகர்வுப் பண்பாடு மனிதனை மென்று விழுங்கிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள ஒரு சிற்றூரில் —”

கைவிடப்பட்டது. மனிதனை விழுங்குவதற்கு முன் அந்த வாக்கியம் எனக்குக் கொட்டாவியை வரவழைத்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: “ரிஸ்வி ஒரு விளையாட்டுப் பித்தன். அவன் மனைவி அஸ்ராவுக்கோ சினிமா என்றால் உயிர். வீட்டிலோ ஒரே ஒரு தொலைக்காட்சி. பிறகென்ன?”

பிறகென்ன, விளம்பரம்தான். இதைக் கதையின் தொடக்கம் என்று எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். தொலைக்காட்சி விற்பவர் வேண்டுமானால் ஏற்பார். அதைவிட மோசமான குறை ஒன்று இதில் இருந்தது. ஆண் விளையாடுவான், பெண் படம் பார்ப்பாள் என்று தீர்ப்பெழுதியவன், பாலினக் கட்டமைப்பு குறித்துக் கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கிய நானேதான்.

மூன்றாம் தொடக்கம் பிழைத்துக்கொண்டது:

மாத்தளையை அடுத்த பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகும் பெருவீதியின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் அஸ்ரா தன் கணவனோடு லொறி ஓட்டப் போனாள்.

லொறி, பனி மூடிய ஏதோ ஒரு மலைநாட்டில் இருந்தது. கணவன் கத்தாரில் இருந்தான். அஸ்ரா தன் அறைக் கட்டிலில் சம்மணமிட்டு, கையில் கொன்ட்ரோலரும் காதில் ஒலிவாங்கி பொருத்திய கருவியுமாக இருந்தாள். கடந்த விடுமுறைக்கு வந்தபோது ரிஸ்வி இரண்டு வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி, ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவள் லொறியை ஓட்டுவாள். அவன் பக்கத்து ஆசனத்திலிருந்து வரைபடம் பார்த்து வழி சொல்வான். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு திரை, இருவருக்கும் ஒரே லொறி.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் அந்த வீட்டின் தொலைபேசி ஒழுங்கை அறியாதவர்கள். ரிஸ்வி அழைத்தால் தொலைபேசி கல்யாண வீட்டுத் தாம்பாளம்போலக் கைமாறும். முதலில் அவன் உம்மா பீபி. பிறகு அவன் வாப்பாவின் தம்பி, ஜுனைதீன் சாச்சா. அந்நேரம் சாச்சாவிடம் மிளகு வாங்க வந்த யாராவது. அது அஸ்ராவின் கைக்கு வரும்போது எல்லாக் கேள்விகளும் கேட்கப்பட்டு, எல்லாச் செய்திகளும் சொல்லப்பட்டு, “சாப்பிட்டீங்களா?” என்ற ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும். அதையும் சுற்றி நின்று எல்லோரும் கேட்பார்கள்.

லொறிக்குள் மட்டும் யாரும் வரமுடியாது.

“எங்கட மருமகள் பெரிய லொறிக்காரி,” என்று பீபி மாமி அயலவர்களிடம் சொல்வாள். “ஓட்டுறா, ஓட்டுறா, ஒரு கொத்து அரிசிகூட வீட்டுக்கு வந்து சேரல்ல.”

3

அறையிலிருந்த தொலைக்காட்சி சிறியது, பழையது, மந்தபுத்தி கொண்டது.

“பிரேக்! அஸ்ரா, பிரேக்!”

“புடிச்சுட்டேன். அப்பவே புடிச்சுட்டேன். லொறிக்குத்தான் விளங்கல்ல.”

லொறி பள்ளத்தில் விழுந்தது. அன்றைய சரக்கான ஆப்பிள்கள் பனியில் உருண்டோடின.

“இது உங்கட பிழையில்ல, டீவிட பிழை,” என்றான் ரிஸ்வி. “நீங்க அமத்துறது அதுக்குப் போய்ச் சேர நேரமெடுக்குது.”

“அப்ப உங்களப் போலதான். நான் ஒண்ணு கேட்டா நீங்களும் ரெண்டு நாள் கழிச்சுத்தானே பதில் சொல்றீங்க.”

[விரல் அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையிலுள்ள இத்தாமதத்தைப் பற்றி இவ்விடத்தில் நீண்டதொரு பகுதி இருந்தது. “தாமதமே புலம்பெயர் உழைப்பின் காலவடிவம்” என்று தொடங்கியது. லொறி பள்ளத்தில் விழுந்தது என்பது அதைவிடத் தெளிவாக இருந்தமையால் நீக்கினேன். நண்பர்கள் எவரும் வருந்தவில்லை.]

ரிஸ்வி சிரித்தான். “புதுசு ஒண்ணு அனுப்புறேன். கேமும் விளையாடலாம், உம்மாவும் படம் பாக்கலாம். கார்கோவுல போட்டா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னுக்கு வந்துரும். பின்னாலயே நானும் வந்துருவேன்தானே.”

பின்னாலேயே வந்துவிடுவான். கதை முழுவதும் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே வாசகர் இதைத் தவறவிடாதிருக்கப் பேனாவால் அடிக்கோடிட்டதாக வைத்துக்கொள்ளவும். பெருநாளோடு ரிஸ்வியின் ஒப்பந்தம் முடிகிறது. இதுதான் கடைசி, இனிப் போகமாட்டேன் என்று விமான நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். ஜுனைதீன் சாச்சா தன் மிளகுக் கடையில் இரண்டாவது நாற்காலி ஒன்றை இப்போதே போட்டுவிட்டார். அஸ்ரா அல்மாரியில் தன் உடுப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபாதியைக் காலியாக வைத்திருந்தாள். அந்தக் காலிப்பாதிக்கு உடுப்பு வருமா என்பதுதான் அவளுடைய கேள்வி. தொலைக்காட்சி எனக்குத்தான் முக்கியம்; கட்டுரை எழுத வேண்டுமே.

4

இனி, தேர்வுக்குழு.

ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சி தெரிவுசெய்வது எளிதென்று நினைத்தால் அது அனுபவமின்மை. அஸ்ராவைப் பெண்பார்க்க வந்தபோது இதே குழு தேநீர் ஆறுவதற்குள் முடிவெடுத்தது. தொலைக்காட்சி என்றதும் எல்லோருக்கும் பொறுப்புணர்வு வந்துவிட்டது.

ஜுனைதீன் சாச்சாவின் அளவுகோல் ஒன்றே: அங்குலம். “எழுபத்தஞ்சு இருக்குதாமே. அதக் கேளுங்க.”

“எழுபத்தஞ்ச வெச்சா கதவத் திறக்க ஏலாது சாச்சா,” என்றாள் அஸ்ரா.

“கதவு என்னத்துக்கு மகள்? அவ்வளவு பெரிய டீவிய வெச்சுக்கிட்டு எவனாவது வெளிய போவானா?”

கைத்தொலைபேசியில் படம் பார்த்துச் சலித்திருந்த பீபி மாமிக்கோ வேறு கவலை. “எனக்கு ஆக்கள்ட முகம் தெரியணும். இப்பத்தைய படமெல்லாம் இருட்டுலதான் எடுக்குறானுகள். போன கிழமை ஒண்ணு பாத்தேன், முடியுற வரைக்கும் கொலைகாரன் யாருன்னு தெரியல்ல.”

“அது கதையே அப்பிடித்தானே மாமி.”

“இல்ல மகள். ஆளே தெரியல்ல.”

தோஹாவில் கடை கடையாக ஏறி இறங்கிய ரிஸ்வி குரல் செய்திகளை அனுப்பியபடி இருந்தான். ஒரு நல்ல விமர்சகனுக்குரிய குணங்கள் யாவும் அவனிடம் இருந்தன: ஆய்வு மனப்பான்மை, கலைச்சொல் மோகம், கேட்பவர் தூங்கிவிட்டாரா என்று பாராமல் பேசும் ஆற்றல். வினாடிக்கு நூற்றிருபது தடவை படம் புதுப்பிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் லொறி வளைவில் இழுபடும். கறுப்பு, கறுப்பாகவே இருக்க வேண்டும். சாம்பலாக இருந்தால் படத்தின் இரவு பின்னேரமாகிவிடும். இவ்விரண்டும் பொருந்திய நாற்பத்துமூன்று அங்குலத் திரையொன்றைக் கண்டுபிடித்து, பெட்டியின் பக்கவாட்டைப் படம் பிடித்து அனுப்பினான்.

பெட்டியில் அரபெழுத்து. கடுகளவு வரிகள், பத்தி பத்தியாக.

பீபி மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். தொலைபேசியை மடியில் வைக்காமல் தலையணைமேல் உயர்த்தி வைத்தாள். பிறகு, குர்ஆன் மத்ரஸாவில் சிறுவயதில் பயின்ற அத்தனை பக்குவத்தோடும், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்தப் பெட்டியை ஓதினாள். ஜுனைதீன் சாச்சா சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற மிளகு வியாபாரி பீடியைக் காலடியில் நசுக்கினார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஒரு சொல்லின் பொருளும் ஒருவருக்கும் தெரியாது.

முடிந்ததும் பீபி மாமி தொலைபேசியைத் தலையணையோடு நகர்த்தி வைத்தாள்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் சாச்சா. “நல்ல டீவி போல.”

அஸ்ரா ரிஸ்விக்குக் குரல் அனுப்பிக் கேட்டாள்: அதில் என்ன எழுதியிருக்கிறது? பதில் வந்தது. “மேல கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு போட்டிருக்குது. கீழ, ஈரத்துணியால துடைக்கக் கூடாதாம்.”

பீபி மாமிதான் முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “ஈரத்துணிக்கா நான் முக்காட்டப் போட்டேன்! தம்பி, தொப்பியக் கழட்டுங்க, ஓதி முடிஞ்சுது.”

5

மேற்கண்ட பகுதியை எழுதி முடித்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உச்சரிப்பு பிசகாமல் வாசித்துப் பொருள் அறியாதிருத்தல்! அம்மக்களை நோக்கி மெல்லப் புன்னகைக்கும் ஒரு பத்தியையும் சேர்த்தேன். பிறகு, அடுத்து வரும் காட்சியை வாசித்துப் பார்த்தேன்.

அக்காட்சியை நான் ஏற்கெனவே இரண்டு வரைவுகளில் எழுதியிருந்தேன். இரண்டிலும் அது தொழில்நுட்பத் தகவல் தரும் பகுதியாகத்தான் நின்றது. ஒரு சொல்லையும் மாற்றாமல் கீழே தருகிறேன்.

வெள்ளிக்கிழமை. லொறி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

“அப்ப நாப்பத்துமூணு முடிவா?” என்று கேட்டாள் அஸ்ரா. “சின்னதா இருக்காதா?”

“கட்டில்ல இருந்து பாக்க அது தாராளம். கறுப்பு அவ்வளவு அருமையா இருக்குது அஸ்ரா. ஒரே ஒரு குறை இருக்குது. நேரா இருந்து பாத்தாத்தான் அந்த அழகு. பக்கத்துல இருந்து பாத்தா நிறம் கொஞ்சம் வெளிறும்.”

“அப்பிடியா.”

“அது பரவால்ல. பக்கத்துல யாரு இருக்கப் போறா?”

லொறி நின்றது. பிரேக்கை அவள் பிடித்திருந்தாள். தொலைக்காட்சி தன் வழக்கமான மந்தத்தோடு அதைச் சற்றுப் பிந்திக் காட்டியது.

“ஏன் நிப்பாட்டினீங்க?”

“மேடு,” என்றாள் அஸ்ரா.

இரண்டு வரைவுகளிலும் இதற்குப் பிறகு நான் திரைவகைகளைப் பற்றி விளக்கிக்கொண்டே போயிருந்தேன். அம்மக்களை நோக்கிய புன்னகைப் பத்தி இப்போது நீக்கப்பட்டிருக்கிறது.

6

ரிஸ்வியை என்ன செய்வது?

கெட்டவனாக்குவது மிக எளிது. தோஹாவில் இன்னொரு வீடு, இன்னொரு சிரிப்பு, இன்னொரு தொலைபேசி எண் — கைவிடப்பட்டது, அது சோம்பேறித்தனம். தியாகியாக்குவதும் எளிது. “குடும்பத்துக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட ரிஸ்வி, மேலாளர் நீட்டிய புதிய ஒப்பந்தத்தைக் கண்ணீரோடு —” இதுவும் கைவிடப்பட்டது. கண்ணீர் என் கட்டுரைகளில் தடைசெய்யப்பட்ட பொருள்.

நான் இப்போது நம்புவது இதுதான். அவன் பொய் சொல்லவில்லை. வருவதாகச் சொன்னபோது வருவதாகத்தான் இருந்தான். ஆனால் தொலைக்காட்சியைத் தெரிவுசெய்யும்போது அவன் ஒரு கட்டிலைக் கற்பனை செய்தான். அதில் ஒருத்தி நேராக, நடுவில், தனியாக உட்கார்ந்திருந்தாள். அவனுக்கே இன்னும் தெரியாததை அவன் தெரிவு முந்திக்கொண்டு தெரிந்துவைத்திருந்தது.

அஸ்ரா வேறு சிலவற்றையும் கோத்துப் பார்த்தாள். வருகிறவன், அறைக்குள் இணையக் கம்பி வருமா என்று ஏன் அத்தனை கவலையோடு விசாரித்தான்? இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த விளையாட்டுக்கு இணையமே வேண்டாம். திரையை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதியாக, அருகருகே இருந்து ஓட்டலாம். அதற்கு இரண்டாவது கொன்ட்ரோலர் ஒன்றும், பாதியாக்கினாலும் பார்க்கக்கூடிய பெரிய திரை ஒன்றும் வேண்டும். அவன் இரண்டாவது கொன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்துமூன்று அங்குலத்தின் பாதி, ஒரு தேநீர்த் தட்டத்தின் அளவு.

அவனிடம் கேட்டிருக்கலாமே என்பார் வாசகர். கேட்டால் என்ன வரும்? “இன்ஷா அல்லாஹ் வருவேன்” என்று வரும். அதையும் அவன் மனதாரத்தான் சொல்வான். அஸ்ரா கேட்கவில்லை. “மாமி, மாத்தளைக்குப் போய் ஒருக்கா டீவி பாத்துட்டு வருவோமா?” என்றாள்.

7

இப்போது நாம் சோபாவுக்கு வந்துவிட்டோம். மின்விசிறி வாங்க வந்த ஓர் ஆள் ஓரமாக நிற்பதைப் பொருட்படுத்த வேண்டாம்; அவனும் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை.

கடையில் விற்பனைக்கு நின்ற மகேஸ்வரன் முதலில் பீபி மாமியைப் பார்த்தான், பிறகு கூடவே வந்திருந்த ஜுனைதீன் சாச்சாவைப் பார்த்தான். “கேமுக்கா, படம் பாக்கவாங்க?”

“ரெண்டுக்கும்,” என்றாள் அஸ்ரா.

“கேம் யாரு விளையாடுறது மிஸ்? மகனா?”

“நான்தான்.”

மகேஸ்வரன் ஒரு கணம் தடுமாறி, உடனே தொழில்முறை மரியாதையை மீட்டுக்கொண்டான். “நல்லதுங்க. நடுவுல உக்காருங்க மிஸ். நடுவுல இருந்தாத்தான் கறுப்பெல்லாம் எடுப்பா தெரியும்.”

“நடுவுல யாரும் உக்கார மாட்டாங்க.”

அவள் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். ரிஸ்வி சொன்ன வகையைச் சேர்ந்த திரையில் நீர்வீழ்ச்சி சுண்ணாம்புத் தண்ணீராக வடிந்தது. வலது ஓரத்துக்குப் போனாள். அங்கேயும் சுண்ணாம்பு. அவன் சொன்னது உண்மைதான். தொலைக்காட்சிகளைப் பற்றி அவன் பொய் சொல்வதே இல்லை.

“ரெண்டு பேர் பாக்கவாங்க?” மகேஸ்வரன் இப்போது புரிந்துகொண்டான். “அப்ப அத விடுங்க. இந்தா, இதப் பாருங்க. எந்த ஓரத்துல இருந்து பாத்தாலும் ஒரே நிறம். கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலா இருக்கும். இருட்டான சீன்ல எல்லாம் வெளிச்சமா தெரியும்.”

“அப்ப கொலைகாரன் தெரிவானா மகன்?” என்றாள் பீபி மாமி.

“நல்லா தெரிவாருங்கம்மா.”

“திரைய ரெண்டா பிரிச்சு, ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல இருந்து விளையாடினா?” என்று கேட்டாள் அஸ்ரா.

“அப்பிடின்னா அறுபத்தஞ்சு எடுங்க மிஸ். குறைச்சு எடுத்தா விளையாட்டு முடியுறதுக்குள்ள ரெண்டு பேரும் கண்ணாடிக் கடைக்குப் போகணும்.”

“அறுபத்தஞ்சு!” சாச்சாவின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல ஒளிர்ந்தது. “எழுபத்தஞ்சு இல்லாட்டியும் பரவால்ல. காசு என் பொறுப்பு. ஏத்துங்க.”

அஸ்ரா மீண்டும் இடது ஓரம், மீண்டும் வலது ஓரம். நீர்வீழ்ச்சி இரண்டு இடத்திலிருந்தும் பச்சையும் நீலமுமாக, ஒன்றுபோலவே விழுந்தது.

[இவ்விடத்தில்தான் நான் என் குறிப்பில் “தெரிவுகளின் மிகுதியால் முடிவெடுக்க இயலாது தவிக்கும் நுகர்வோர்” என்று எழுதிக்கொண்டேன். அந்தக் கடையில் அன்று முடிவெடுத்திருந்த ஒரே ஆள் அவள்தான்.]

8

பொருளைப் பின்னால் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். சாச்சா மாத்தளையில் வேலை இருப்பதாக நின்றுவிட, மாமியும் மருமகளும் முச்சக்கர வண்டியில் திரும்பினார்கள்.

“ஏன் மகள் அந்த ஓரத்துலயும் இந்த ஓரத்துலயும் போய்ப் போய் உக்காந்தீங்க?”

அஸ்ரா சொன்னாள். ரிஸ்வி சொன்னதை ரிஸ்வி சொன்னபடியே சொன்னாள். பக்கத்துல யாரு இருக்கப் போறா.

பீபி மாமி பலாபத்வலைச் சந்தி வரும்வரை வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு நிகழ்வு.

மறுநாள் தொலைக்காட்சி வந்தது. அதைச் சுவரில் பொருத்த மகேஸ்வரனும் வந்தான். முன்மண்டபத்தில் ஜுனைதீன் சாச்சா கைகளை விரித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். வீதியில் போகிறவர்களுக்கு எந்தச் சுவரில் வைத்தால் நன்றாகத் தெரியும் என்பது அவருடைய ஆய்வுப்பொருள்.

“ஹோல்ல வேணாம்,” என்றாள் பீபி மாமி. “அவங்கட ரூம்ல வைங்க.”

“என்ன மதினி பேசுறீங்க? நீங்க படம் பாக்கவேணாமா? அறுபத்தஞ்ச கொண்டுபோய் ரூமுக்குள்ள ஒளிச்சு வைக்கவா?”

“ஹோல்லதான் ஒண்ணு இருக்குதே.”

இருந்தது. மூலையில், பின்னல் விரிப்பால் மூடி, மேலே பிளாஸ்டிக் பூ வைத்து, முதுகு புடைத்த ஒரு பெரிய தொலைக்காட்சி. பீபி மாமியின் கணவரும் சாச்சாவின் அண்ணனுமான இத்ரூஸ், உயிரோடிருந்த காலத்தில், ரியாதிலிருந்து அனுப்பியது. அது செத்து வெகுகாலம்.

“அது வேல செய்யாதே மதினி!”

“ஏன், நல்லா வேல செஞ்சுச்சே,” என்றாள் பீபி மாமி. “அது வந்தப்ப ஊரே வந்து பாத்துச்சு. உங்கட நானாவும் பின்னாலயே வாறேன்னாரு, வந்தாருதான். அவரு வந்து இறங்கினப்ப ரிஸ்விக்கு மீசை முளைச்சிருந்துச்சு.”

சாச்சா விரித்த கைகளை மெதுவாக மடக்கினார்.

“ரூம்ல வைங்க மகன்,” என்று மகேஸ்வரனிடம் சொன்னாள். பிறகு அஸ்ராவிடம் திரும்பி, “படம் பாக்கணும்னா நான் கதவத் தட்டிட்டு வாறேன். நீங்க திறக்காட்டி கோவிக்க மாட்டேன்,” என்றாள்.

மகேஸ்வரன் அறைச் சுவரில் நான்கு துளைகள் போட்டான். செங்கல் தூள் கட்டில் விரிப்பில் சிவப்பாக இறங்கியது. அஸ்ரா, திரை ஏறுவதற்கு முன்பே, அந்தத் துளைகளை மட்டும் படமெடுத்து ரிஸ்விக்கு அனுப்பினாள்.

9

வெள்ளிக்கிழமை. லொறி இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

“போட்டோ பாத்தேன்,” என்றான் ரிஸ்வி. “இந்த ஓட்டை நாப்பத்துமூணுக்குச் சரிவராதே அஸ்ரா.”

“ஓ. சரிவராது.”

“நான் இங்க அத பேசி வெச்சுட்டேனே. கடைக்காரன் எடுத்து ஒதுக்கிட்டான்.”

“இங்க பெருசு ஒண்ணு எடுத்தாச்சு. அதுலதான் இப்ப ஓட்டுறேன்.”

“பெருசா? கறுப்பு எப்பிடி?”

“சாம்பல்.”

“சொன்னேன்தானே! படத்துக்கு அது —”

“மாமிக்குக் கொலைகாரன் தெரியுதாம். கேளுங்க, இது பக்கத்துல இருந்து பாத்தா வெளிறாதாம். கடையில சொன்னாங்க. கடையில நானும் ரெண்டு ஓரத்துலயும் இருந்து பாத்தேன். ஆனா வீட்டுல வெளிச்சம் வேற மாதிரிதானே. நான் கட்டில்ல இடது பக்கம் இருக்கேன், இங்க சரியாத்தான் இருக்குது. வலது பக்கம் எப்பிடின்னு எனக்குத் தெரியாது.”

“எழும்பிப் போய்ப் பாருங்களேன்.”

“நான் வலது பக்கம் போனா இடது பக்கம் யாரு இருக்கிறது?”

எதிரே வளைவு. அவன் வழி சொல்லவேண்டிய இடம், சொல்லவில்லை. அஸ்ரா பிரேக்கை அழுத்தினாள். லொறி நின்றது. இந்தமுறை, அழுத்தியவுடனேயே நின்றது.

“அஸ்ரா,” என்றான் ரிஸ்வி.

“சொல்லுங்க. இந்த டீவியில தாமதம் இல்ல. நீங்க மெதுவாவே சொல்லுங்க.”

10

முடிவு.

(அ) பெருநாளைக்கு முன்பே ரிஸ்வி வந்துவிடுகிறான், பையில் இரண்டாவது கொன்ட்ரோலருடன். மிளகுக் கடையின் இரண்டாவது நாற்காலி கிறீச்சிடுகிறது. பீபி மாமி கதவைத் தட்டுகிறாள், யாரும் திறக்கவில்லை, அவள் கோவிக்கவில்லை. நல்ல முடிவு. என் துறையில் இப்படி முடிக்கும் கதைகளை “இணக்கப் புனைவு” என்று பெயரிட்டு இழித்துரைப்போம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். எனினும் நான்கைந்து தடவை இதை வாசித்துப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

(ஆ) ஒப்பந்தம் நீள்கிறது. நாற்பத்துமூன்று அங்குலம் கார்கோவில் வந்து சேர்கிறது. துளைகளுக்குப் பொருந்தாத அதை முன்மண்டபத்து மூலையில், பின்னல் விரிப்பின் அருகே வைக்கிறார்கள். பெட்டியை யாரும் ஓதவில்லை. கோட்பாட்டாளர்கள் இம்முடிவை மிகவும் விரும்புவார்கள். அவர்களில் எவரும் அந்த வீட்டில் வசிக்கப்போவதில்லை.

(இ) மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. கருந்திரையில் அஸ்ராவின் முகம் மட்டும் —

மன்னிக்கவும். நவீன இலக்கியப் பயிற்சி பெற்ற கை, கண்காணிப்பு இல்லாதபோது தானாக இப்படி எழுதிவிடுகிறது.

மூன்றையும் அடித்துவிட்டேன். ரிஸ்வி அடுத்து என்ன சொன்னான் என்று கேட்டு எனக்கு எழுதவேண்டாம். லொறிக்குள் யாரும் வரமுடியாது என்று இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். வாசகர் விரும்பினால் அந்த அறைவரைக்கும் வரலாம். கதவைத் தட்டிவிட்டு வரவும். நான்கு துளைகளிலும் ஆணிகள் இறுகியிருக்கின்றன. திரையில் ஒரு லொறி வளைவுக்கு முன்னால், பிரேக் பிடித்தபடி நிற்கிறது. கட்டிலின் இடது பக்கத்தில் அஸ்ரா இருக்கிறாள். அங்கிருந்து பார்க்க நிறங்களில் ஒரு குறையும் இல்லை.

வலது பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறுகிறதா என்று எனக்குத் தெரியாது. அதை நான் இங்கிருந்து எழுதிச் சொல்லவும் முடியாது, நீங்கள் அங்கிருந்து வாசித்துச் சொல்லவும் முடியாது. அதற்குரிய ஆள் வந்து, உட்கார்ந்து, பார்த்துத்தான் சொல்லவேண்டும்.